கைபேசித் திரையில் மீளத்தட்டலும் அதன் திருவனந்தபுரத் தோற்றமும்: ஓர் ஆய்வு

இக்கட்டுரையின் நோக்கம், இக்கட்டுரைக்கு ஒரு நோக்கம் உண்டு என்பதை நிறுவுவதாகும். கைபேசித் திரையில் ஒரே இடத்தை மனிதன் ஏன் திரும்பத் திரும்பத் தட்டுகிறான், தட்டி அலுத்தபின் அந்த வேலையை ஏன் ஒரு செயலியிடம் ஒப்படைக்கிறான், இந்த ஒப்படைப்பு முதன்முதலில் நிகழ்ந்த ஊர் எது என்னும் மூன்று வினாக்கள் ஈண்டு ஆராயப்படுகின்றன. மூன்றாம் வினாவுக்கு விடை திருவனந்தபுரம். விடையை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு சான்று தேடப் புறப்படுவது ஆய்வு நெறிக்கு முரணன்றோ எனின், அவ்வாறு கேட்பவர் ஊர்ப்பெருமை பற்றிய ஆய்வேடு ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்க.

ஆய்வு எல்லை: வடக்கே கழக்கூட்டம், தெற்கே நேமம், கிழக்கே பேரூர்க்கடை, மேற்கே சங்குமுகம் கடல். தென்னெல்லையைப் பாறசாலை வரை நீட்ட வேண்டும் என்பாரும் உளர். அங்கே தட்டினால் சில சமயம் தமிழ்நாட்டுக் கோபுரத்தின் சிக்னல் பிடித்துக்கொள்வதால் அத்தட்டல் இரு மாநிலத்துக்கும் பொதுவாகிறது. பொதுவானதை ஆராய நிதி கிடைக்காது. எனவே விலக்கப்பட்டது.

முன்னாய்வுகள்: இப்பொருளில் முன்னாய்வு எதுவும் இல்லை. ஆகவே முன்னாய்வுகள் அனைத்தும் குறைபாடுடையவை.

இனி இலக்கணம். நூற்பா இல்லாத துறையைத் துறை என்று ஏற்கும் வழக்கம் நம்மிடம் இல்லையாதலால், ஒன்று செய்துகொள்ளப்பட்டது:

விடைதரா ஆடிமேல் விரல்படத் தொடுதலும்
விடைவரா தாயின் மீளவும் தொடுதலும்
தட்டல் ஆகும், தட்டிய விரல்சலித்து
எந்திரம் தட்டுதல் தன்தட் டென்ப.

இதன் பொருள்: பதில் சொல்லாத கண்ணாடியைத் தொடுவதும், பதில் வரவில்லையென்றால் மறுபடி தொடுவதும் தட்டல், விரல் சலித்துப்போய் இயந்திரத்தைத் தட்டவிடுவது தன்தட்டு என்று சொல்லுவர். 'என்ப' என்றதனால் இதனை முன்னோர் பலரும் கூறினர் என்று கொள்க. முன்னோர் யாரும் கூறவில்லை. ஆயினும் 'என்ப' போடாத நூற்பாவை யார் மதிப்பார்?

நூலும் தானே செய்து உரையும் தானே எழுதுவது தகுமோ எனின், தகும். சுவாமிநாத தேசிகர் இலக்கணக் கொத்துக்குத் தாமே உரை வரைந்தார். வைத்தியநாத தேசிகரும் தம் இலக்கண விளக்கத்துக்குத் தாமே உரை செய்தார். அந்த விளக்கை அணைக்கச் சிவஞான முனிவர் இலக்கண விளக்கச் சூறாவளி என்றே ஒரு நூல் எழுதினார். மறுப்பு நூலுக்கு வைத்த பெயரிலேயே இவ்வளவு காற்று வீசிய மொழி நம்முடையது. இக்கட்டுரைக்கும் ஒரு சூறாவளி வரும் என்று எதிர்பார்த்து ஜன்னல்கள் சாத்தப்பட்டுள்ளன.

சான்றாளர் பற்றி ஒரு சொல். சங்கப் பாடல்களில் பாடியவர் பெயர் தெரியாதபோது அவர் பாட்டில் வந்த தொடரையே அவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், விட்டகுதிரையார் எல்லாம் அப்படி வந்தவர்களே. அம்மரபைப் பின்பற்றி, சாலைக் கடைத்தெருவிலும் தம்பானூர் ரயில் நிலையத்திலும் இப்பொருள் பற்றி வாய்திறந்த பெயரறியாப் பெருமக்கள் அவர்தம் வாக்காலேயே இங்கு வழங்கப்படுகிறார்கள்: சர்வர்படுத்துக்கிடக்கார், இன்னொருக்காத்தட்டுமார், சிம்கழற்றிப்போட்டார். மூன்றாமவரின் பெயர் பெயரா வினைமுற்றா என்ற ஐயம் எழும். அவருக்கே அந்த ஐயம் உண்டு.

தட்டல் எழுவகைப்படும். அவற்றுள் ஆறு கீழே கூறப்படும். ஏழாவது ஏடு செல்லரித்துப் போயிற்று.

ஐயத்தட்டு, பதிந்ததோ இல்லையோ என்று இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பது. ஒரே மாத மின்கட்டணம் இருமுறை போவதன் ஊற்றுக்கண் இதுவே. சினத்தட்டு, பயனில்லை என்று தெரிந்தே தட்டுவது. பக்தித்தட்டு, ஸ்ரீராமஜெயத்தை ஒரு தடவை எழுதி ஆயிரம் தடவை ஒட்டுவது. புண்ணியம் எழுதியவருக்கா, ஒட்டிய கருவிக்கா என்பதை வைதிகர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

நான்காவது மழைத்தட்டு. இது சற்று விரித்துரைக்கத் தக்கது. ஏனெனில் கூகுளும் ஆப்பிளும் பிறக்குமுன்னரே இயற்கை கண்டுபிடித்து வைத்திருந்த தன்தட்டு இதுதான். தொடுதிரைக்கு உண்மையில் விரல் வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குப் புலப்படாத மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பரவியிருக்கின்றன. மின்சாரம் கடத்தும் எந்தப் பொருள் நெருங்கினாலும் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் மாறுகிறது. மாறிய இடத்தைப் பார்த்து, 'இங்கே ஒருவர் தொட்டார்' என்று கைபேசி கணக்கெழுதிக்கொள்கிறது. தொட்டவர் யார் என்று அது கேட்பதில்லை. நீர்த்துளியும் மின்சாரம் கடத்தும். திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என ஆண்டுக்கு இரு மழைக்காலம். கிழக்கே கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவரின் கைபேசியில் இடவப்பாதி தானே ஆட்டோ அழைத்திருக்கிறது. துலாவர்ஷம் பழைய மேலதிகாரிக்கு இதயக்குறி அனுப்பியிருக்கிறது (சான்று: சர்வர்படுத்துக்கிடக்கார், நேர்பேச்சு, குடையின்கீழ்).

விரல் வேண்டாம் என்றால் வேறு எது ஆகும்? 2010ஆம் ஆண்டுக் குளிரில் தென்கொரிய மக்கள் கையுறையைக் கழற்ற மனமின்றிச் சிறு சாசேஜ் துண்டால் ஐபோனைத் தட்டிய செய்தி உலகெங்கும் வந்தது. இதற்கு நிகரான நம் ஊர்ப்பொருள் நேந்திரம்பழம். உள்ளீரம் போதுமானதாகையால் உரித்த பழத்தின் முனை திரையில் நன்றாகப் படும். நேந்திரங்காய் உப்பேரியால் தட்ட இயலாது; நீர் வற்றி எண்ணெய் ஏறியது மின்சாரம் கடத்தாது. ஒரே காய் பழுத்தால் விரலாகிறது, பொரித்தால் வெறும் தின்பண்டமாகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதனால் பெறப்படுவது யாதெனின், எதுவுமில்லை. ஆனால் 'ஈண்டு நோக்கத்தக்கது' என்று எழுதி நெடுநேரமாகிவிட்டது.

ஐந்தாவது விளையாட்டுத்தட்டு. 2010இல் இயன் போகோஸ்ட் என்னும் அமெரிக்க விளையாட்டியல் அறிஞர், முகநூல் விளையாட்டுகளின் வெறுமையைக் கேலி செய்ய 'கௌ கிளிக்கர்' என்று ஒன்று செய்தார். திரையில் ஒரு மாடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் தட்டலாம். அவ்வளவே விளையாட்டு. கேலி என்று தெரிந்தும் தெரியாமலும் ஆயிரக்கணக்கானோர் தட்டத் தொடங்கினர். 2011 செப்டம்பரில் அவர் மாடுகளையெல்லாம் மறையச் செய்தார். மாடு நின்ற வெற்றுத் தரையையும் சிலர் தொடர்ந்து தட்டினார்கள். 2013இல் 'குக்கி கிளிக்கர்' வந்தது. அதில் போதிய பிஸ்கட் சேர்ந்தால் நமக்காகத் தட்டும் கைகளை விலைக்கு வாங்கலாம். தட்டுவதற்கு ஆள்வைக்கத் தட்டிச் சம்பாதிக்கும் முறை அங்கே முழுமை பெற்றது. 2024இல் டெலிகிராமில் ஓர் எலியைத் தட்டினால் காசு என்று சொன்ன 'ஹாம்ஸ்டர் காம்பட்' உலகைச் சுற்றியது. செப்டம்பரில் நாணயம் பங்கிடப்பட்டபோது வந்த தொகையைக் கண்டு தட்டியவர்கள் பலரும் கசந்து போனார்கள். போகோஸ்டின் கதையில் பகடி எழுதுவோர் அஞ்ச வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்கட்டுரையை மெய்யாகவே எங்கேனும் பாடமாக வைத்துவிட்டால் அடியேன் பொறுப்பல்லன்.

ஆறாவது தத்கால்தட்டு. இதை ஆராயாமல் தென்னகத்தில் தட்டலியல் இல்லை.

தம்பானூரில் ஏறிச் சென்னை போக வேண்டிய ஒருவருக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸ் உண்டு, மெயில் உண்டு, இன்னும் சில உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இடம் மட்டும் இல்லை. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. அதைத் தவறவிட்டவர்க்கு, வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். 9.59க்கு எழுந்து நின்று தட்டுவோரின் விரல்நிலை பற்றி இரு கொள்கைகள் உள. கட்டைவிரலே வலிமையுடையது என்பது ஒரு கொள்கை. சுட்டுவிரலே குறிதவறாதது என்பது மற்றொன்று. இன்னொருக்காத்தட்டுமார் இரண்டையும் மறுத்து, 'எந்த விரலானாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான்' என்று ஒருமைவாதம் நிறுவினார் (காண்க: மேற்படியார், தம்பானூர், முதல் நடைமேடை, தேநீர் ஆறுவதற்குள்).

எதிரே தட்டுவது யார்? 2025இல் ரயில்வே அமைச்சகம் சொன்ன கணக்கு: தத்கால் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்நுழைய முயல்வோரில் பாதி வரை மனிதர் அல்லர், பாட்கள். நெடுங்காலமாக நமக்கு முன்னால் இடம்பிடித்தவனை நாம் திட்டிய திட்டில் பாதி, பெற்றோர் இல்லாத ஒன்றின் பெற்றோரைச் சென்றடைந்திருக்கிறது. அதே அறிக்கையில், 2025 மே 22 காலை 10 மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாயின என்றும், ஐயத்துக்குரிய இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன என்றும் உள்ளது. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்தவர்க்கே இணையவழித் தத்கால். அந்த மாத நடுவிலிருந்து ஆதார் ஓடிபியும் வேண்டும். முகவர்களுக்கு முதல் அரைமணி நேரம் கதவு அடைப்பு.

இத்துறையின் மூலநூல்கள் செயலிப் பெயர்களாகவே எஞ்சியுள்ளன. 2017 டிசம்பரில் சிபிஐ, 'நியோ' என்ற தத்கால் மென்பொருளை எழுதி விற்றதாக ஒருவரைக் கைது செய்தது. அவர் சிபிஐயிலேயே உதவிப் புரோகிராமர். அதற்கு முன் ஐஆர்சிடிசியில் பணியாற்றியவர். நூலாசிரியரும் தடைசெய்வோரும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் நூற்பதிப்பு எவ்வளவு எளிது! 2020இல் ரயில்வே பாதுகாப்புப் படை ஏஎன்எம்எஸ், மேக், ஜாகுவார் என்பனவற்றை ஒழித்ததாக அறிவித்தது. அதே ஆண்டில் பிடிபட்ட இன்னொன்று 'ரேர் மேங்கோ' எனத் தோன்றிப் பின் 'ரியல் மேங்கோ' எனப் பெயர் பெற்றது. பயணியர் பெயர்களை நிரப்புவது, கேப்ட்சாவைத் தாண்டுவது, வங்கி ஓடிபியைக் கைபேசியிலிருந்து எடுத்துப் படிவத்தில் இடுவது எல்லாம் அதுவே செய்யும். 'ரேர்' என்பது பழம்பாடமா, ஏடெழுதுவோர் பிழையா? இரு பாடமும் கொள்ளலாம். பருவம் தப்பிய மாம்பழம் அரிது, கிடைத்தால் அசல்.

சட்டத்தின் கருத்தும் பதிவு செய்யத்தக்கது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு, அனுமதியின்றி டிக்கெட் வாங்கி விற்கும் தொழிலுக்கு மூன்றாண்டுச் சிறை வரை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கோட்டயத்தில் ரயில்வே பாதுகாப்புப் படை தொடுத்த வழக்கொன்றில், ஒருவர் நூற்றுக்கணக்கில் பயனர் பெயர்களை உண்டாக்கி இணையவழியில் டிக்கெட் எடுத்து விற்றார் என்பது குற்றச்சாட்டு. 1989இல் இ-டிக்கெட்டே இல்லையே, இந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் வழக்கை நீக்கியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நூல் பிறந்தபின் பிறந்த பொருளையும் நூல் தழுவும் என்று நம் உரையாசிரியர்கள் எத்தனையோ நூற்றாண்டாகச் சொல்லி வந்ததை நீதிபதிகள் இப்போது சொல்கிறார்கள். அவர்களுக்கு நச்சினார்க்கினியரின் 'மாட்டு' முறை தெரிந்திருந்தால் தீர்ப்பு இன்னும் சுருக்கமாக வந்திருக்கும்: தொலைவில் கிடக்கும் இரு சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்லிவிட்டால் எதிர்க்கட்சி வக்கீலுக்கு வழக்கே பிடிபடாது.

இனித் தன்தட்டின் உறுப்பிலக்கணம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பிளே ஸ்டோரில் கிடைக்கும் தட்டற்செயலிகள் பெரும்பாலும் ஒரே வழியால் இயங்குவன. பார்வையோ கைத்திறனோ குறைந்தவர்க்குத் துணைசெய்ய 'அணுகல்தன்மைச் சேவை' என ஒன்றை கூகுள் வைத்திருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் அச்சேவை, திரையின் இன்ன புள்ளியில் இன்ன நேரம் தொட்டதாகப் பாவிக்க வல்லதாயிற்று. தட்டற்செயலி அந்த அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. பிறகு திரையின்மேல் ஒரு சிறு பலகை மிதக்கும். கூட்டல் குறியைத் தொட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட வட்டங்கள் வரும். அவற்றைத் தட்டவேண்டிய இடத்துக்கு இழுத்து வைத்து, இடைவெளியை மில்லி வினாடியில் சொல்லிவிட்டால் நாம் சாப்பிடப் போகலாம். ஐபோனில் இத்தனை தாராளம் இல்லை. அங்கே 'ஸ்விட்ச் கன்ட்ரோல்' என்னும் துணைவசதிக்குள் புகுந்து 'ரெசிப்பி' எழுத வேண்டும்.

சில செயலிகளில் இன்னொரு வசதி உண்டு: ஒவ்வொரு தட்டும் சற்றே இடம்தவறி, சற்றே காலம்தவறி விழும்படி அமைக்கலாம். சரியாகத் தட்டினால் இயந்திரம் என்று பிடித்துவிடுவார்கள் என்பதால், இயந்திரத்துக்குத் தடுமாறக் கற்றுத்தருகிறோம். மறுபுறத்தில் 2014 முதல் நாம் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு நம்மை நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் தாம் ரோபோ அல்ல என்று நாளுக்குப் பலமுறை ஒரே கட்டத்தை ஒரே மாதிரி தட்டிச் சொல்லும் நிலையில், அவர் சொல்வதை நம்புவது எப்படி?

செயலி வேண்டாம், கணினியிலிருந்து கம்பி வழியே கட்டளையிட்டுத் தட்டலாம் என்பது ஏடிபி மார்க்கத்தார் கொள்கை. அதற்குக் கைபேசியில் டெவலப்பர் வாசல் திறக்க வேண்டும். அந்த வாசலைத் திறக்கும் வழி: அமைப்புகளில் உள்ள பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டுதல். 2012இல் ஆண்ட்ராய்டு 4.2 முதல் இது மரபு. தட்டாமல் இருக்க விரும்புபவன் ஏழு தடவை தட்டித்தான் தொடங்க வேண்டும். நடுவில் திரை, 'டெவலப்பர் ஆக இன்னும் மூன்றே படி' என்று உற்சாகப்படுத்தும். ஏழாம் தட்டில், 'நீர் இப்போது டெவலப்பர்' என்று அறிவிக்கும். கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் இதே பட்டத்துக்கு நான்காண்டுப் படிப்பும் நாலைந்து சுற்று நேர்காணலும் கேட்கிறார்கள்.

ஏழு ஏன்? இங்கேதான் நம் கருதுகோள் தலைகாட்டுகிறது.

பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறைஜபம் நடக்கும். வேதங்களை முறைவைத்து ஓதும் இச்சடங்கு 56 நாள் நீண்டு இலட்சதீபத்தோடு முடியும். ஒரு முறைக்கு ஏழு நாளாக எட்டு முறை. ஏழு! அரசனுக்காக அரசனல்லாதார் மீள மீள ஓதுவது. பயனருக்காகப் பயனரல்லாத செயலி மீள மீளத் தட்டுவது. எண் ஒன்று, நோக்கம் ஒன்று, கூலி மட்டும் வேறு. கூகுளார் ஏழைத் திருவனந்தபுரத்திலிருந்தே பெற்றனர் என்பது இதனால் ஐயமற நிறுவப்பட்டது. அவர்கள் எப்போது வந்து பெற்றனர் என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம். தொடர்பு காட்டுவது ஆய்வாளன் கடமை, வழி காட்டுவது போக்குவரத்துப் போலீஸார் கடமை.

காலம் கணிக்கப் புகுவோம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு இவ்வூரில் சிலகாலம் தலைமை தாங்கிய வையாபுரிப் பிள்ளை, நூல்களின் காலத்தைப் பின்னே தள்ளுவார் என்று பெயர்பெற்றவர். அவர் வழிநிற்போர் தன்தட்டின் தோற்றம் 2016 என்று சொல்லிக் கைகழுவுவர். முன்னே தள்ளுவோரோ குமரிக்கண்டம் வரை போய் நிற்பர். இருவருக்கும் நடுவே, கடலுக்குள் இறங்காமலே கையால் தொட்டுக் காட்டத்தக்க சான்று ஒன்று கிழக்கே கோட்டையில் இருக்கிறது.

அதுதான் மேத்தன் மணி.

கோயிலுக்கெதிரே கருவேலப்புரை மாளிகையின் மேல், 19ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். அதன்மேல் தாடிவைத்த ஒரு முகம். முகத்தின் இருபுறமும் இரு கிடாய்கள். மணியடிக்கும்போது முகம் வாயைத் திறக்கும். கிடாய்கள் பாய்ந்து வந்து இரு கன்னத்திலும் முட்டும். மணிக்கு மணி, மனிதக் கை படாமல், குறித்த இடத்தில், குறித்த இடைவெளியில், இரு இலக்குகளில் விழும் தட்டு இது. இன்றைய செயலிக்காரர்கள் 'பல்புள்ளித் தட்டல்' என்று காசு கேட்கும் வசதியைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் இலவசமாகத் தெருவுக்குக் கொடுத்திருந்தது. இக்கடிகாரத்தைத் தன்தட்டின் முதல்வடிவம் என்று எவரும் இதுவரை கூறாதது, எல்லாரும் அதைக் கடிகாரம் என்று தவறாக எண்ணியதால்.

கிடாயின் முட்டு தட்டாகுமா என்பது முதல் தடை. ஆட்டுக்கட்சியார், ஆகும் என்பர்: விரல் என்பது தட்டும் உறுப்புக்கு ஆகுபெயராதலின் கொம்பும் விரலே. கன்னக்கட்சியார் இதை ஏலார்: தட்டலுக்கு இலக்கணம் தட்டுவதில் இல்லை, தட்டுப்படுவதில் உள்ளது, கன்னம் வாயைத் திறந்து காட்டுவதால் அதுவே பதில்தரும் திரை, கிடாய் வெறும் நிமித்தம். ஆட்டுக்கட்சியார் எதிர்வினா: வாய் திறந்தபின் முட்டா, முட்டியபின் வாய் திறப்பா? கன்னக்கட்சியார் இதற்கு விடைகாணக் கிழக்கே கோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் அண்ணாந்து நின்று, வந்த பஸ்ஸைத் தவறவிட்டனர் (இத்தகவல் அக்கட்சிக்குள் ஒரு கிளைக்கட்சியால் மறுக்கப்படுகிறது, பஸ்ஸே வரவில்லை என்பது அவர்கள் பாடம்).

வைணவத்தில் தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதை உவமை காட்டும் தென்கலையாரும், குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதைக் காட்டும் வடகலையாரும் உண்டு. பூனைக்கும் குரங்குக்கும் அடுத்த இடத்தில் ஆட்டுநியாயம் சேர்க்கப்பட வேண்டும் என்று இக்கட்டுரை முன்மொழிகிறது: பற்றுவதுமில்லை, கவ்வுவதுமில்லை, மணிக்கொரு தடவை முட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் போய்விடுவது. அரசு அலுவலகத்தில் மனுவின் நிலை விசாரிக்கப் போகும் பெரும்பான்மைப் பக்தர்கள் ஆட்டுநியாயத்தாரே.

மூன்றாம் கட்சியொன்றும் உண்டு. முகமும் கிடாயும் உள்ளே உள்ள ஒரே பொறியால் இயங்குவன. ஆகவே தட்டுவதும் தட்டுப்படுவதும் ஒன்றே. தத்கால் நேரத்தில் பாட் தட்ட, மறுபுறத்தில் அதைத் தடுக்கும் மென்பொருள் மறுக்க, நடுவே மனிதன் அண்ணாந்து பார்ப்பது இதன் விரிவாக்கம் என்பர். இக்கட்சியே உண்மைக்கு மிக அருகில் உள்ளதாகையால் இக்கட்டுரை அதை மேலும் தொடராது.

மேத்தன் மணியே தன்தட்டின் முதல்வடிவம் என்பதற்குத் தலையாய சான்று ஒன்று கிடைத்திருப்பது ஆய்வுலகம் அறியாதது. அது தம்பானூரில் ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சின் அடிப்பக்கம், இடப்புறக் கால் ஓரம், நீலப் பேனாவால் எழுதப்பட்டு, மேலே ஒட்டிய சூயிங் கம்மால் நடுவில் நான்கு எழுத்து சிதைந்து, முதலில் 'மணி' என்றும் இறுதியில் 'பத்து' என்றும் எஞ்சி நிற்பது. பெஞ்சை முதலில் தலைகீழாகப் பார்த்தவர் சிம்கழற்றிப்போட்டார். அவர் கீழே விழுந்த சிம்மைத் தேடியபோது கண்டார். இடைச்சொல் 'முட்டும்' என்பது நம் கணிப்பு. 'ரூபாய்' என்பது கடைக்காரர் கணிப்பு. (காண்க: மேற்படிப் பெஞ்சு, அடிப்பக்கம், ஒப்புநோக்குக: அதே பெஞ்சு, மேல்பக்கம், ஆனால் உட்கார்ந்திருப்பவர் எழுந்தபின், மறுப்புக்குக் காண்க: கடைக்காரர், பாக்கி கேட்கும் குரல், மறுப்புக்கு மறுப்பு அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பின்.)

இப்படி ஒரு சொல்லுக்குச் சண்டையிடுவது நகைப்புக்குரியது என்று நினைப்பவர், இந்தப் பெஞ்சிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள வலியசாலைக்குப் போய்வர வேண்டும். காந்தளூர்ச் சாலை அதுவே என்பர். முதலாம் ராஜராஜன் அங்கே 'கலம்' அறுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கலம் என்றால் கப்பல், சேரனின் கடற்படையை அழித்தான் என்றார் ஒருவர். கலம் என்றால் உண்கலம், சாலையில் உணவுக்கு ஏற்பாடு வகுத்தான் என்றார் இன்னொருவர். வழக்குத் தீர்த்தான் என்றும் வாதம் உண்டு. நூறாண்டுக்கும் மேலாகப் பேரறிஞர்கள் அந்த ஒரு சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது கப்பலாகத் திறக்கிறது, தட்டாகத் திறக்கிறது, மறுபடி முதல் பக்கத்துக்கே போய்விடுகிறது. அவர்களுக்கு முன் நம் ஆட்டுக்கட்சியும் கன்னக்கட்சியும் குழந்தைகள்.

அந்தப் பேரறிஞர்களாவது தாமே தட்டினார்கள். இப்போது அத்துறையிலும் தன்தட்டு வந்துவிட்டது. ஒரே கட்டுரை, தலைப்பில் 'ஓர் ஆய்வு' என்பது 'ஒரு பார்வை' ஆகி, 'பன்முக நோக்கு' ஆகி, மூன்று கருத்தரங்கில் மூன்று பங்கேற்புச் சான்றிதழ் பெறுகிறது. வாசிக்க ஐந்து நிமிடம். சான்றிதழுடன் படம் எடுக்கப் பத்து நிமிடம். மதிப்பெண் தரும் ஆய்விதழ் எது என்று பட்டியலிட யுஜிசி வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அ என்பவர் ஆவை மேற்கோள் காட்ட, ஆ என்பவர் இயைக் காட்ட, இ என்பவர் அவைக் காட்டினால் மூவருக்கும் மதிப்பெண் ஏறுகிறது. இதற்குச் செயலிகூட வேண்டியதில்லை. இடைவெளி மில்லி வினாடியில் அல்லாமல் பதவி உயர்வு ஆண்டில் அளக்கப்படுகிறது என்பதே வேறுபாடு.

முடிவுரை தவிர்க்கப்படுகிறது. முன்னுரையில் சொன்னதை நடுவில் சொல்லி, நடுவில் சொன்னதை முடிவில் சொல்வது மும்முறைத் தட்டாகும்.

வாசகர்க்கு இரு விண்ணப்பங்கள். ஒன்று விளையாட்டல்ல. தட்டற்செயலி எதையேனும் நிறுவி அணுகல்தன்மை அனுமதி கொடுத்திருந்தால், வேலை முடிந்ததும் அமைப்புகளுக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள். உங்களுக்காகத் திரையைத் தட்டவும் படிக்கவும் அனுமதி பெற்ற ஒன்று, உங்கள் வங்கிச் செயலியின் திரையையும் தட்டவும் படிக்கவும் வல்லது. திருட்டுச் செயலிகள் கேட்பதும் அதே அனுமதியைத்தான். அந்த வாசல் கை ஓடாதவர்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டது.

மற்றொன்று ஆய்வாளர்களுக்கு. இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்புவோர் ஒரு தடவை காட்டினால் போதும், பதிந்துவிடும்.